பவுனு தண்ணீரில் கால் வைக்கும் இடம்

சாலிகிராமம், சென்னை
11.8.2025

யுவா,

நீ என் நம்பரை பிளாக் செய்து நாற்பது நாளாகிறது. தபால்காரரை பிளாக் செய்யும் வசதி இன்னும் வரவில்லை, அதனால் பேனாவை எடுத்தேன். கடைசியாக நான் காகிதத்தில் எழுதியது கல்லூரிப் பரீட்சை. மார்க்கையன்கோட்டையில் உன் வீட்டு எண் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் உன் மாமனார் பேருக்குக் கீழே இருந்ததை அப்படியே போட்டிருக்கிறேன்.

உன் கோபம் எதற்கென்று தெரியும். ஜூலையில் ‘தூசிக்காலம்’ டிரெய்லர் வந்தது. அதில் ஒரு செவலை மிருகம் தண்ணீரில் முன்னங்காலை வைக்கிறது. ஒரு நொடிதான். அன்று சாயங்காலமே நீ காணாமல் போனாய். ஆமாம், அது கோம்பையில் உங்கள் அம்மா வீட்டில் இருந்த நாய் பவுனுதான். லீவில் நான் அங்கே வந்திருந்தபோது நீ அதன் எதிரில் உட்கார்ந்து வரைந்தாய். இருபத்து நாலு பக்கம், பக்கத்துக்கு ஓர் அசைவு. விரலால் புரட்டினால் பவுனு நடந்து வந்து, தண்ணீரில் கால் வைத்து, திரும்பிப் பார்த்து, அப்புறம் குடிக்கும். அந்த நோட்டை ஒரு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கி ஆறு வருஷமாகிறது. சொல்லாமல் எடுத்தது தப்பு. ஆனால் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை, வேறு ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது.

படம் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. உலகம் காய்ந்துபோய் நூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. மனிதர்கள் சுரங்கத்துக்குள் ஒளிந்து கிடக்கிறார்கள். மேலே திரிவது நாய்களின் வம்சம், கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்தவை. அவற்றைக் கம்ப்யூட்டரில் செய்தவர்கள் நாங்கள் எட்டுப் பேர். அசைவு என் வேலை. மூன்று வருஷம், நூற்று நாற்பது ஷாட்.

ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். யூடியூபில் ஒருவர் ‘கண்ணு கோலிக்குண்டு மாதிரி இருக்கு’ என்கிறார். இன்னொருவர் ‘உலகமே அழிஞ்சு போச்சு, நாய்க்கு மட்டும் ஷாம்பு எங்க கிடைச்சுது’ என்று கேட்கிறார். ஒரு மீமில் என் மிருகத்தின் கழுத்தில் பால் கேனை மாட்டி சைக்கிள் பின்னால் ஓடவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கும் இடத்தில் மட்டும்தான் சண்டை. பாதிப் பேர் தூக்கம் வந்தது என்கிறார்கள், பாதிப் பேர் படத்திலேயே அங்கேதான் உயிர் இருக்கிறது என்கிறார்கள்.

டைரக்டருக்கு அதன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பதினோரு நொடி அர்த்தம் இல்லாமல் நிற்கிறதாம். தியேட்டரில் ஓடுவதைத் தொட மாட்டார்கள். ஆனால் செல்போனிலும் டிவியிலும் வரப்போகிற பிரதியை இருபத்தைந்தாம் தேதி முடிவு செய்கிறார்கள். அப்புறம் எப்போதைக்கும் அதுதான் படம். சூப்பர்வைசர் வைகுண்டராஜ் சார், ‘ஜனம் அந்த இடத்துல என்ன செய்யுதுன்னு பாத்துச் சொல்லும்மா, நான் பேசுறேன்’ என்றார்.

இங்கே மாலில் பார்த்தேன். பாப்கார்ன் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அந்த இடம் வந்ததும் நானே கண்ணை மூடிக்கொள்கிறேன். அப்பாவும் அம்மாவும் தேனியில் பார்த்துவிட்டார்கள். அப்பா பாத்திரக்கடைக்கு டம்ளர் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் ‘எம் மக செஞ்ச மிருகம்’ என்கிறாராம். அவர் சாட்சி செல்லாது.

நீ போய்ப் பார்க்க வேண்டும். கல்லூரியில் படம் போட்டால் நீ திரையைப் பார்க்க மாட்டாய், பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பாய். உன் கண்ணைத் தவிர வேறு யார் கண்ணையும் நான் நம்பியதில்லை. அந்தப் பதினோரு நொடியில் தேனி ஜனம் என்ன செய்தது என்று எழுது. திட்டுவதை அப்புறம் திட்டிக்கொள்.

ஜாய்ஸ்

*

மார்க்கையன்கோட்டை
18.8.2025

ஜாய்ஸ்,

முகவரி சரிதான். என் மாமனார் உன் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு ‘யாருத்தா செத்தாக?’ என்று கேட்டார். கையால் எழுதித் தபாலில் வருவது எங்கள் தெருவில் கருமாதிப் பத்திரிகை மட்டும்தான்.

நீ சென்னையில் மிருகம் செய்கிறாய். நானும் சின்னமனூரில் மிருகம்தான் செய்கிறேன். என் வீட்டுக்காரருடைய பிளக்ஸ் கடையில் டிசைன் என் பொறுப்பு. போன வாரம் ஒரு காதுகுத்துப் பேனருக்குத் தாய்மாமன் நாலு பேருக்குப் பின்னால் நாலு சிங்கம் வைத்தேன். ஒரே சிங்கம்தான், இடமும் வலமுமாகத் திருப்பி வைத்தது. மூத்த மாமன் பார்த்துவிட்டு ‘எனக்குப் பின்னாடி நிக்கிறது மட்டும் சின்னதா இருக்கேம்மா’ என்றார். பெரிதாக்கிக் கொடுத்தேன். எனக்கு வருகிற விமர்சனம் இவ்வளவுதான். முகம் தெரியாத நாலு பேர் யூடியூபில் திட்டுகிற அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை.

நீ இப்போது இருக்கும் வேலைக்கு நம் இரண்டு பேரையும் ஒரே நாளில், ஒரே இன்டர்வியூவில்தான் எடுத்தார்கள். பட்டியலில் முதல் பேர் என்னுடையது. உனக்கு மறந்திருக்கலாம். அம்மா இடுப்பு ஒடிந்து படுத்தாள், ஆறு மாதம் கழித்து வருகிறேன் என்றேன், அப்புறம் கல்யாணம். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. இவர் நல்ல மனிதர். ஆனாலும் டிரெய்லரில் பவுனு காலைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இதை நீ மனதுக்குள் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

சரி, நீ கேட்டது. சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு இவருடன் தேனிக்குப் போனேன். நல்ல கூட்டம். கோம்பையிலிருந்து நாய் வளர்க்கிறவர்கள் பன்னிரண்டு பேர் வேன் பிடித்து வந்திருந்தார்கள். எங்கள் அம்மா வீட்டுத் தெரு செல்லப்பாண்டி அண்ணன்தான் தலைவர். உன் மிருகம் முதல்முதலாக மேட்டில் ஏறி நின்றதும் விசில். ‘ஏலே, நம்ம ஊரு நாய்டா’ என்று ஒரு சத்தம். செல்லப்பாண்டி அண்ணன் மட்டும் எழுந்து நின்று, ‘காதைப் பாருங்கடா. எந்தக் கோம்பை நாய்க்குக் காது இப்படி வெடச்சுக்கிட்டு நிக்கும்? மடங்கித்தான இருக்கும். இது ஏதோ வெளியூருக் கலப்பு’ என்றார். பின்வரிசைக்காரர் உட்காரச் சொன்னார். காதைத் திட்டி முடிக்கிறவரை அண்ணன் உட்காரவில்லை.

அது கதாநாயகனை விரட்டும்போது ஜனம் நாய் பக்கம் சேர்ந்துகொண்டது. ‘விடாத, புடி’ என்று கத்தினார்கள். ஒரு குழந்தை மட்டும் நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. ரோமத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

தண்ணீர் இடத்தில் சிரித்தார்கள்.

அது குட்டையில் கால் வைத்ததும் பின்னால் ஒருவன் ‘லொள்’ என்றான். அதற்கப்புறம் ஆளாளுக்கு லொள், லொள். ‘கால் கழுவிட்டு வந்துருச்சு, இலையைப் போடுங்கப்பா’ என்று ஒருத்தன் சொன்னான். தியேட்டரே சிரித்தது. அது திரும்பிப் பார்த்தபோது இன்னும் சிரிப்பு. பதினோரு நொடி என்று எழுதியிருந்தாய். எனக்குப் பதினோரு நிமிஷம் மாதிரி இருந்தது.

கடைசிக் காட்சி முடிகிறதற்குள் இவர் எழுந்துவிட்டார். எல்லோருமே எழுந்துவிட்டார்கள். கம்பம் பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால் அப்படித்தான்.

நீ கேட்டாய், எழுதிவிட்டேன்.

யுவராணி

*

சென்னை
23.8.2025

யுவா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்துவிட்டு பாத்ரூமுக்குள் போய் அழுதேன். அப்புறம் வைகுண்டராஜ் சாரிடம் நானே போய்ச் சொன்னேன், தேனியில் சிரித்துவிட்டார்கள் என்று. நாய் வளர்க்கிற ஊர்க்காரர்களே சிரித்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவருக்கு மனசில்லை. ‘இன்னும் ரெண்டு ஊர்ல கேப்போமா’ என்றார். வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். நேற்று எடுத்துவிட்டார்கள். இப்போது மிருகம் குட்டையை நோக்கி நடக்கிறது, அடுத்த ஷாட்டில் சண்டை வந்துவிடுகிறது.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. வேறு யாராக இருந்தாலும் எனக்காகப் பூசி மெழுகியிருப்பார்கள்.

காதை நான் செய்யவில்லை. அது வேறு ஆள். செல்லப்பாண்டி அண்ணனிடம் சொல்லு.

ஜாய்ஸ்

*

28.8.2025

ஜாய்ஸ், எடுத்தே விட்டார்களா? உன் சார் சொன்ன மாதிரி இன்னும் இரண்டு ஊரில் கேட்டிருக்கலாமே. ஒரு தியேட்டரை வைத்து யாராவது முடிவு செய்வார்களா? இருபத்தைந்தாம் தேதி தாண்டிவிட்டது, ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்.
யுவராணி

*

மார்க்கையன்கோட்டை
9.9.2025

ஜாய்ஸ்,

அந்தக் கார்டுக்கு நீ பதில் போடவில்லை. போட்டிருந்தால் இதை எழுதாமல் தப்பித்திருப்பேன்.

நேற்று செல்லப்பாண்டி அண்ணன் கோம்பையிலிருந்து கடைக்கு வந்தார். அவர் நாய்ப் பண்ணைக்குப் புது பிளக்ஸ் வேண்டுமாம், பத்துக்கு ஆறு அடி. என்ன படம் வைக்க என்று கேட்டேன். ‘அந்தத் தண்ணியில காலை வைக்கிற படந்தான்த்தா. வேற எது? வெள்ளிக்கிழமையில இருந்து போன்ல வருதுன்னு சொன்னாக. நீ அதுல இருந்து எடுத்துப் போடு, காதை மட்டும் மடக்கி விட்டுரு’ என்றார். இவர் போனில் படத்தைப் போட்டு முன்னேயும் பின்னேயும் தள்ளினார். மூன்று தரம் தள்ளினார். ‘எங்கன போச்சு யுவா? இங்கனதான இருந்துச்சு, சண்டைக்கு முன்னால’ என்றார். அண்ணன் போனை வாங்கி அவரும் தள்ளிப் பார்த்தார். ‘அந்த இடத்தையே காணோம்த்தா. யாரு வெட்டுனாக? கூறு இல்லாதவுக’ என்றார்.

நான் பிரிண்டரில் ரோல் மாட்டப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஜாய்ஸ், யாரும் சிரிக்கவில்லை.

‘லொள்’ என்று ஒருவன் குரைத்தது உண்மை. ஆனால் அது முதலில், மேட்டில் ஏறி நின்றபோது. அதைத் தூக்கித் தண்ணீர் இடத்தில் வைத்தேன். இலை போடுகிற வசனம் யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் வரும்போது நானே செய்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றியது. உன்னால் மட்டும்தான் இல்லாததைச் செய்ய முடியுமா என்றும் தோன்றியது.

உண்மையில் நடந்தது இது. கால் தண்ணீரில் பட்டதும் தியேட்டர் அடங்கிவிட்டது. ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. இவர் கையில் வேர்க்கடலைப் பொட்டலம், கை வாய்க்குப் போகாமல் நின்றது. அதுவரை காதைக் குறை சொல்லிக்கொண்டிருந்த செல்லப்பாண்டி அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முன்வரிசையில் ஒரு அம்மா, யாரென்று தெரியாது, பக்கத்தில் யாரும் கேட்கக்கூடாது என்கிற குரலில், ‘குடி ஆத்தா, குடி’ என்றாள். அது குடித்தது. அந்த அம்மா மூச்சு விட்டாள்.

எங்கள் வீட்டில் பவுனிடம் அப்படிச் சொன்னது நான் ஒருத்திதான். முன்பின் தெரியாத பொம்பளை என் நாயை ஆத்தா என்கிறாள். நீ செய்த நாயை. அந்த நிமிஷம் அது உன் பவுனு ஆகிவிட்டது, ஒரு தியேட்டர் கூட்டமே சாட்சி. நான் வரைந்தபோது பார்த்தது நீயும் நானும் மட்டும். எனக்கு வந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அழுகையும் இல்லை, வேறு ஒன்றும் இல்லை, சுத்தமான பொறாமை. வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கத் தள்ளிப்போட்டேன். அப்புறம் உட்கார்ந்து எழுதினேன். ‘சிரித்தார்கள்’ என்பதை ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் ஒளித்து வைத்திருந்தேன். பவுனு ஏன் தண்ணீரில் கால் வைத்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அதன் முதல் ஈற்றில் நாலு குட்டி. ஒன்று மாட்டுத் தொட்டியில் விழுந்து செத்தது. பவுனு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது, எடுக்க முடியவில்லை. அதற்கப்புறம் எங்கே தண்ணீரைக் கண்டாலும் ஒரு காலை வைத்து ஆழம் பார்க்கும், திரும்பி மற்ற மூன்று குட்டியும் இருக்கிறதா என்று பார்க்கும், அப்புறம்தான் குடிக்கும். குட்டிகள் எல்லாம் ஊர் ஊராகப் போனபின்னும் திரும்பிப் பார்க்கிறதை விடவில்லை. உன் மிருகமும் யாரும் இல்லாத இடத்தில் திரும்பிப் பார்க்கிறது. காரணம் தெரியாமலே நீ சரியாகச் செய்துவிட்டாய். அதுவும்தான் எரிந்தது. காரணமாவது என்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேள். நான் பொய் சொன்னேன் என்று உன் சாரிடமே சொல். வேண்டுமானால் நான் வந்து சொல்கிறேன்.

யுவா

*

சென்னை
15.9.2025

யுவராணி,

மூன்று நாள் உன் கடிதத்தை பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முதல் நாள் உன் வீட்டுக்கு வந்து உன் கம்ப்யூட்டரை உடைக்க வேண்டும் போல இருந்தது. இரண்டாம் நாள் உன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அவர் நம்பரைத் தேடினேன். சின்னமனூர் பிளக்ஸ் கடை என்று போட்டால் உடனே வருகிறது, சிங்கத்தோடு.

திரும்பச் சேர்க்க முடியாது. கேட்டேன். படத்தை விற்றாகிவிட்டது, இனி ஒரு நொடியைக்கூட யாரும் தொட மாட்டார்கள்.

டைட்டில் ஓடுகிறவரை நீ உட்கார்ந்திருந்தாயா? உட்காரவில்லை, பஸ்ஸுக்கு ஓடினாய், நீயே எழுதியிருக்கிறாய். உட்கார்ந்திருந்தால் கடைசியில் ஒரு வரி பார்த்திருப்பாய். ‘நடைக்கு ஆதாரம்: பவுனு, யுவராணி, கோம்பை.’ அந்த வரியைப் போட வைக்க நாலு மாதம் நடந்தேன். நாய்க்கெல்லாம் பேர் போடுவதா என்று தயாரிப்பாளர் அலுவலகத்தில் சிரித்தார்கள். பேர் இல்லாவிட்டால் ஷாட்டைத் தர மாட்டேன் என்றேன். நீ படம் பார்த்து, அதைப் பார்த்து, என்னைக் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். அதனால்தான் முதல் கடிதத்தில் சொல்லவில்லை. இப்போது ஷாட் இல்லை என்பதால் அந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். போனில் கடைசிவரை தள்ளிப் பார், இருக்காது.

இதோடு முடித்திருந்தால் நான் நல்லவளாகப் போயிருப்பேன். அன்றைக்கே அப்படி ஒரு கடிதம் எழுதி, கிழித்துப் போட்டேன். ஏனென்றால் நானும் பொய் எழுதியிருக்கிறேன்.

உன் கடிதம் படித்து பாத்ரூமில் அழுதேன் என்று எழுதினேனே, அது பொய். ‘சிரித்தார்கள்’ என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.

மூன்று வருஷத்தில் நான் செய்த நூற்று நாற்பது ஷாட்டில் இங்கே எல்லோரும் எழுந்து நின்று கை தட்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது உன் நோட்டின் பதினேழாம் பக்கத்திலிருந்து இருபத்து நாலாம் பக்கம் வரை. நான் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து, உன் கோட்டின் மேலேயே என் மிருகத்தை வைத்து அசைத்தேன். மற்ற நூற்று முப்பத்தொன்பதும் என்னுடையவை. அவற்றைத்தான் கோலிக்குண்டு என்கிறார்கள், பால் கேன் மாட்டுகிறார்கள். யார் வந்து பாராட்டினாலும் ‘அந்தத் தண்ணீர் ஷாட்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருவேன். பட்டியலில் முதல் பேர் உன்னுடையது என்பது எனக்கு மறக்கவே இல்லை. நீ வராததால் கிடைத்த நாற்காலி இது என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

டைரக்டர் அந்த மிருகம் ஏன் திரும்பிப் பார்க்கிறது என்று கேட்டார். ‘அழகா இருக்கும் சார்’ என்றேன். எனக்குத் தெரியாதே. தொட்டியில் விழுந்த குட்டியைப் பற்றி நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அவர் அதைத் தொட்டிருக்க மாட்டார். வைகுண்டராஜ் சார் இன்னும் இரண்டு ஊரில் கேட்போமா என்றபோது நான் வேண்டாம் என்றேன் பார், அதற்கு நீ காரணம் இல்லை. அந்த இடத்தில் ஜனம் சிரித்தது என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். நீ சொன்னாய்.

உன்னை மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. நீயும் அவசரப்பட்டு எழுதிவிடாதே.

போடியில் ஒரு பழைய தியேட்டரில் இந்த வாரம் வரைக்கும் ஒரு காட்சி ஓடுகிறதாம், அப்பா சொன்னார். அது பழைய பிரதிதான்.

ஜாய்ஸ்

*

மார்க்கையன்கோட்டை
22.9.2025

ஜாய்ஸ்,

வியாழக்கிழமை கடைசிக் காட்சி என்றார்கள். அன்றைக்குத்தான் உன் கடிதமும் வந்தது. கடையை இவரிடம் விட்டுவிட்டு மத்தியானக் காட்சிக்குப் போடி போனேன். இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.  ‘அந்தப் புள்ளைக்கு அப்படி ஒரு வேலை பாத்தியாக்கும்’ என்றார்.  திட்டியிருந்தால் தேவலை.

தியேட்டரில் மொத்தம் பதினேழு பேர். தண்ணீர் இடத்தில் நான் இந்த முறை முகங்களைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தேன். பவுனு இடது காலைத்தான் வைக்கும், நீ வலது காலை வைத்திருக்கிறாய். நோட்டைத் திருப்பி ஸ்கேன் செய்திருக்கிறாய், மடச்சி. நான் சிங்கத்தைத் திருப்பி வைக்கிற மாதிரி. அதைக் கண்டுபிடித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் அது திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

படம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். கதவைத் திறந்துவிடுகிற சுந்தர்ராஜ் அண்ணன் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, ‘படம் முடிஞ்சிருச்சுத்தா. இனி வெறும் எழுத்துதான்’ என்றார். ‘எழுத்தைப் பாக்கத்தாண்ணே வந்தேன்’ என்றேன். ‘யாராச்சும் வேண்டியவுக பேரு வருதா?’ என்றார். ஆமாம் என்றேன். விளக்கை அணைத்துவிட்டு அவரும் பக்கத்தில் நின்றார்.

உன் பேர் முதலிலேயே வந்துவிட்டது. அங்கிருந்து எண்ண ஆரம்பித்தேன். கார் ஓட்டியவர்கள், டீ கொடுத்தவர்கள், குடை பிடித்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். உன் பேருக்கும் என் பேருக்கும் நடுவில் இருநூற்றுப் பதினொரு பேர். அப்போதும் வயிறு எரிந்தது, அதையும் மறைக்கவில்லை. சுந்தர்ராஜ் அண்ணன் என் வரியைச் சத்தமாகப் படித்தார். ‘பவுனு, யுவராணி, கோம்பை. ரெண்டுல நீ யாருத்தா?’ என்று கேட்டார். இரண்டாவது என்றேன்.

செல்லப்பாண்டி அண்ணன் பிளக்ஸ் நேற்று கோம்பையில் ஏறிவிட்டது. எங்கிருந்தும் எடுத்து ஒட்டவில்லை. ஆறு வருஷத்துக்கு அப்புறம் பென்சிலை எடுத்து நானே வரைந்தேன். கால் வைத்து, காது மடங்கி, திரும்பிப் பார்க்கிற பவுனு. இடது கால். முதல் நாலு தாளும் வரவில்லை. உன் மிருகம் குனிகிற குனிவு ஞாபகத்துக்கு வந்த பிறகுதான் கழுத்து சரியாக வந்தது. அதை மட்டும் உன்னிடமிருந்து எடுத்தேன், கேட்காமல்தான். பிளக்ஸைக் கட்டும்போது பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பால் ஊற்றப் போன ஒரு அம்மா சைக்கிளை நிறுத்திவிட்டு, ‘இது என்னத்தத் திரும்பிப் பாக்குது?’ என்று கேட்டாள். குட்டிகளை என்று சொன்னேன்.

நோட்டைத் தபாலில் அனுப்பாதே. கிறிஸ்துமஸுக்குத் தேனி வருவாய் அல்லவா, அப்போது கையில் கொண்டுவந்து கொடு. நீ மன்னிக்கவில்லை என்று எழுதியது சரி. நானும் இன்னும் மன்னிக்கவில்லை. அதை நேரில் வைத்துக்கொள்வோம்.

பிளக்ஸின் அடியில், ஓரத்தில், டிசைன் செய்தவர் பேர் சின்னதாகப் போடுவது வழக்கம். என் பேரை மேலே போட்டிருக்கிறேன், உன் பேரைக் கீழே. நடுவில் யாரும் இல்லை.

யுவா